சைபர் எழுதுவது

வணக்கம் ஐயா,

போன மாதம் ஒரு சிறுகோள் மங்கலான நட்சத்திரம் ஒன்றைச் சில நொடிகள் மறைக்கும், அந்த நிழல் கடலூர் மேல் போகும் என்று தெரிந்து, விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன். வானம் சுத்தமாக இருந்தது. நட்சத்திரம் அணையவே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. புதுச்சேரிக்கு வந்த லெ ஜான்தி போல நானும் ஏமாந்தேன். வீட்டில் சிரிக்கிறார்கள். பத்து அங்குலம் வாங்கினால் தெரியுமா?

எஸ்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எஸ்.,

பத்து அங்குலம் வேண்டாம். ஆறு அங்குலத்தில் நட்சத்திரம் தெரிந்தது அல்லவா, அணைந்தால் அதிலேயே தெரியும். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

லெ ஜான்தியை மட்டும் இழுக்காதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து புறப்பட்ட மனிதர். 1761-ல் அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் நின்று பார்த்தார், அளக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருடம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் கருவிகளோடு நின்றார். மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது. அவரால் பார்க்க முடியவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். அணையாததைப் பார்த்தீர்கள். இரண்டும் ஒன்றா?

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் மழை நோட்டுகளைத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். பண்ருட்டிப் பக்கம் மழைமானி பார்த்தவர் அவர். தினமும் காலை எட்டரைக்கு, சித்திரை வெயிலிலும், புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் புட்டியைக் கண்ணாடி அளவையில் கவிழ்ப்பார். ஒருநாள் ஓர் எறும்பு விழுந்தது. எறும்பை ஊதிவிட்டு சைபர் எழுதினார். எனக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் வெளியூர் போனவர் வேலையை என்னிடம் விட்டார். நான் முதல் நாள் சாயங்காலமே ஏழு சைபரையும் வரிசையாகப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். வியாழன் இரவு கோடை மழை கொட்டியது. திரும்பி வந்தவர் புட்டியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். அடிக்கவில்லை. ஏழையும் கோடு போட்டு அடித்தார். "மீதி ஆறு நாள் மழையே இல்லையேப்பா" என்று அழுதேன். "பாக்காம எழுதினது சைபர் இல்லடா, பொய்" என்றார்.

அந்த ஏழு கோடுகள் இன்னும் நோட்டில் இருக்கின்றன. நீங்களோ நேரெதிர். பார்த்துவிட்டு எழுதாமல் இருக்கிறீர்கள்! "ஒன்றும் நடக்கவில்லை" என்பது பதிவா? அது சலிப்பு.

நட்சத்திரம் அவ்வளவு தொலைவில் இருப்பதால், சிறுகோளின் நிழல் கிட்டத்தட்ட அதன் அகலத்துக்கே பூமியில் ஒரு பட்டையாக ஓடுகிறது. பட்டைக்குள் இருப்பவருக்கு நட்சத்திரம் அணையும், வெளியே இருப்பவருக்கு அணையாது. அதே இரவில் புதுச்சேரிக் கடற்கரையில் ஒருவர் அது அணைந்ததைப் பார்த்திருந்தால், நிழலின் ஓரம் உங்கள் இருவருக்கும் நடுவே, ரெட்டிச்சாவடி பக்கமாகக்கூட, போயிருக்கும். அவருடைய 'ஆமாம்' மட்டும் இருந்தால் அந்த ஓரத்தை எங்கே போடுவது? உங்கள் 'இல்லை' வேண்டும்.

நெப்டியூனுக்கு அப்பால் அரோகோத் என்றொரு பனிப்பாறை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நெருங்குவதற்கு முன், 2017 ஜூன் 3 அன்று அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆட்கள் தொலைநோக்கிகளோடு காத்திருந்தார்கள். ஒருவருக்கும் நட்சத்திரம் அணையவில்லை. யாரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை. நினைத்ததைவிடச் சின்னதாக இருக்குமோ என்று அதிலிருந்தே யோசித்தார்கள். ஜூலை 17-ல் படகோனியாவில் காற்றைத் தடுக்க லாரிகளை நிறுத்திவைத்து மறுபடி பார்த்தபோது ஐந்து தொலைநோக்கிகளில் நிழல் சிக்கியது. இரண்டு உருண்டை ஒட்டியதுபோல இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார்கள். 2019 புத்தாண்டு அன்று விண்கலம் அதைக் கடந்தபோது எடுத்த படத்திலும் அப்படியே இருந்தது.

சரி, இப்போது உட்கார்ந்து எழுதுங்கள். எத்தனை மணி, நிமிடம், நொடிக்குப் பார்க்க ஆரம்பித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகை, எந்தக் கடிகாரம். சுவர்க்கடிகாரம் என்றால் அதையும் மறைக்காதீர்கள். நடுவில் கொசுவர்த்தி ஏற்றக் கீழே போயிருந்தால், போன நேரமும் வந்த நேரமும்.