பனிக்கு அடியில் கிடக்கும் கடல்

வானம் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நம்மைத் தவிர வேறு எங்காவது உயிர் இருக்கிறதா? அதையொட்டிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, சூரியக் குடும்பத்தில் உயிரைத் தேட ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போவீர்கள்? செவ்வாய்க்குத்தானே?

இல்லை. சனியின் துணைக்கோளான என்சலடசுக்குப் போவேன். அதன் குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான்; சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியே போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இவ்வளவு சிறிய உருண்டை என்றோ உள்வரை உறைந்து போயிருக்க வேண்டும். ஆனால் 2005இல் காசினி விண்கலம் அதன் தென்துருவத்தில் நான்கு நீண்ட வெடிப்புகளைக் கண்டது. அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தன. கிணற்றில் வாளி இறக்கும் வேலையே வைக்காமல், பனிக்கு அடியில் கிடக்கும் கடலிலிருந்து தண்ணீர் தானாக மேலே வந்து தெறிக்கிறது! காசினி அந்தப் பீச்சலுக்குள் பலமுறை புகுந்து வந்தது.

அதில் உப்பு இருந்தது, கரிமச் சேர்மங்கள் இருந்தன. அங்கே ஹைட்ரஜன் வாயுவும் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். கடலடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிகின்றன என்பதற்கான அடையாளம் அது. நம் பூமியிலேயே சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் மீத்தேனாக மாற்றி அந்த ஆற்றலில் பிழைக்கின்றன. 2023இல், பழைய காசினி தரவுகளிலிருந்தே பாஸ்பேட்டும் வெளிப்பட்டது. மரபணுவும் எலும்பும் உருவாகப் பாஸ்பரஸ் வேண்டும். தண்ணீர், ஆற்றல், மூலப்பொருள் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. உயிர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அடுப்பும் அரிசியும் தண்ணீரும் இருக்கின்றன. சோறு வெந்திருக்கிறதா என்று இன்னும் யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

சனி சூரியனிலிருந்து 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே தண்ணீர் எப்படி உறையாமல் கிடக்கிறது?

ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இருபது முறை வளைத்துவிட்டு, அந்த மடிப்பில் விரலை வைத்துப் பாருங்கள். சுடும். என்சலடஸ் 33 மணி நேரத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றுகிறது. பாதை சரியான வட்டமாக இல்லாததால் சனியின் ஈர்ப்புப் பிடி ஒருபுறம் கூடியும் மறுபுறம் குறைந்தும் அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பிசைதலில் பிறக்கும் சூடுதான் தண்ணீரை உறையவிடாமல் வைக்கிறது. டயோனி என்ற இன்னொரு துணைக்கோளின் இழுப்பு அந்தப் பாதை வட்டமாகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வியாழனின் துணைக்கோளான யுரோப்பாவில் பனிக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் கடல் உறையாமல் இருப்பதற்கும் இதே வகை வெப்பம்தான் காரணம்.

வெயிலே படாத இடத்தில் எந்த உயிர் வாழும்?

1977க்கு முன்பு கேட்டிருந்தால் பலரும் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பார்கள். அந்த ஆண்டு கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுகளைத் தேடி இறங்கியது. அந்தக் குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. அங்கே உயிர்க்கூட்டத்தை யாரும் எதிர்பார்க்கவே இல்லை! இருட்டில் விளக்கை அடித்தால் கிளிஞ்சல்களும் குழாய்ப்புழுக்களும் மொய்த்துக் கிடந்தன. வளர்ந்த குழாய்ப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து அதற்கு உணவு தயாரித்துத் தருகின்றன. கடலடி ஊற்றுகள் பற்றி எனக்குப் பிடித்த செய்தி இதுதான்.

நான் ஓர் ஆசிரியை. செவ்வாயை இப்படி ஒதுக்கலாமா? அங்கே ஏதோ பாறை கிடைத்ததாக மாணவர்கள் கேட்கிறார்கள்.

ஒதுக்கவில்லை அம்மா. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024இல் ஜெசரோ பள்ளத்தில் சிறுத்தைப்புள்ளி போன்ற அடையாளங்கள் கொண்ட பாறையைத் துளையிட்டு மாதிரி எடுத்தது. பூமியில் அத்தகைய புள்ளிகளை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரற்ற வேதிவினையும் உண்டாக்கலாம். மாதிரி பூமிக்கு வந்து ஆய்வுக்கூடத்தைப் பார்த்தால்தான் உறுதியாகும். மாணவர்களிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

கே2-18பி கோளில் உயிரின் வாயு கிடைத்துவிட்டது என்றார்களே, என்ன ஆயிற்று?

அது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்; 124 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் டைமெத்தில் சல்பைடின் சாயல் தெரிவதாக 2025 ஏப்ரலில் ஒரு குழு அறிவித்தது. நம் கடலில் அதை நுண்பாசிகள் வெளியிடுகின்றன. செய்தியைப் படித்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் அதே தரவை மறுபடி அலசிய மற்ற குழுக்களுக்கு அந்தச் சாயல் உறுதியாகத் தெரியவில்லை. அதே சேர்மம் 67பி என்ற வால்மீனிலும் இருந்திருக்கிறது. வால்மீனில் பாசி ஏது? "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற தலைப்பைப் பார்த்தால் ஓராண்டு பொறுத்திருங்கள்.

மாமா, நான் ஆறாம் வகுப்பு. ஆந்த்ரோமேடா அண்டத்துக்குப் போக முடியுமா?

அது 25 லட்சம் ஒளியாண்டு தூரம், தம்பி. வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய 4,400 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். ஆனால் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கார்த்திகை மாதம், நிலா இல்லாத இரவில், எட்டரை மணிக்கு விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் வடக்கு நோக்கி நில். ஆங்கில எம் எழுத்துப் போல ஐந்து விண்மீன்கள் தெரியும். அதன் இரண்டு முனைகளில் கூரானது காட்டும் திசையில், கையை நீட்டி ஒன்றரை முஷ்டி அகலம் மேலே போ. திருநீற்றை விரலால் தேய்த்தது போல ஒரு மங்கல் தெரிகிறதா? அதுதான்.

வாயேஜரில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் தமிழ் உண்டா?

இல்லை. 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு. தமிழ் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

அடுத்து யார் போகிறார்கள்? நன்றாக இருந்த காசினியை ஏன் எரித்தார்கள்?

2024 அக்டோபரில் கிளம்பிய யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும். யுரோப்பாவை 49 முறை நெருங்கிப் பறந்து, அங்கே உயிர் வாழச் சூழல் இருக்கிறதா என்று ஆராயும்.

காசினிக்கு எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கட்டுப்பாடு இழந்து என்றாவது என்சலடசின் மீது விழுந்தால், அதில் ஒட்டியிருக்கக்கூடிய பூமியின் கிருமி அந்தக் கடலில் கலந்துவிடலாம். அதனால் 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள்ளேயே அதைச் செலுத்தினார்கள். சனியின் வளிமண்டலம் அதைப் புரட்டிப் போடும்வரை அலைவாங்கியைப் பூமியின் பக்கம் திருப்பியே வைத்துத் தரவு அனுப்பிக்கொண்டிருந்தது.