ஓலைக்கூரையில் ஓர் ஓட்டை

அன்புள்ள ஐயா,

இளம் கேலக்ஸிகளில் பிறந்த ஒளியில் பெரும்பகுதி வெளியே வரவே இல்லையாம். அவ்வளவு பிரகாசமான நட்சத்திரங்களின் ஒளி ஏன் மாட்டிக்கொள்கிறது? இதையெல்லாம் அமெரிக்காக்காரர்கள் பார்ப்பார்கள், நம் பக்கத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்? தெலுங்கு மீடியத்தில் படித்தவன், பிழைகளைப் பொறுக்கவும்.

– ஒரு கல்லூரி மாணவன், தடா

அன்புள்ள தம்பி,

பிழைகளைத் திருத்திவிட்டேன், அதை விடு. தமிழில் எழுதினாயே, அது போதும்.

இந்த ஒளியைப் பற்றித்தான் நானும் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லா ஒளியும் மாட்டுவதில்லை. அலைநீளம் 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிர்தான் மாட்டும். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு அதற்கு உண்டு. பிய்த்ததோடு அதன் கதையும் முடிந்துவிடும். இளம் கேலக்ஸியைச் சுற்றி ஹைட்ரஜன் மூட்டம்.

சூலூர்ப்பேட்டைப் பக்கம் எங்கள் ஆயா வீடு பனையோலைக் கூரை. அடுப்புப் பொறி பறந்து ஓலையில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ராத்திரி வரப்பில் வரும்போது ஓரிடத்தில் நின்றால் அடுப்பு வெளிச்சம் பளிச்சென்று தெரியும். இரண்டு எட்டு தள்ளி நின்றால் வீடே இருட்டு. கேலக்ஸியும் அப்படித்தான். பெரிய நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே வெடித்து மூட்டத்தைக் கிழிக்கின்றன. ஆனால் அந்தக் கதிரை வாரி இறைப்பவையும் அவையேதான். கிழிசல் விழுந்த பிறகும் எரிய மிச்சம் இருந்தால்தான் ஒளி தப்பும், அதுவும் கிழிசல் பார்த்த திசையில் மட்டும்.

அது கிடக்கட்டும். தடாவில் உட்கார்ந்துகொண்டு 'யார் பார்க்கப்போகிறார்கள்' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? 2015 செப்டம்பர் 28, காலை பத்து மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் பிஎஸ்எல்வி ராக்கெட் கிளம்பிய ஓசை உன் பள்ளிக்கூடம் வரை கேட்டிருக்கும். அதில் போனது ஆஸ்ட்ரோசாட், வானத்தை ஆராய இந்தியா அனுப்பிய செயற்கைக்கோள். அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடி ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. 2016-ல் 28 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தைப் பார்த்து, 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து தப்பி வந்த இதே கதிரை அது பிடித்தது. புனேயில் வானியலாளர் கனக் சாஹா தலைமையிலான குழு 2020-ல் அதை வெளியிட்டது. ஆதி கேலக்ஸிகளிடமிருந்து தப்பிய கதிரை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியால்கூட நேரே பார்க்க முடியாது. வழியிலிருக்கும் ஹைட்ரஜன் குடித்துவிடும். இப்படி அவற்றைவிடக் கிட்டத்தில் உள்ளவற்றை வைத்துத்தான் அங்கே எவ்வளவு தப்பியது என்று கணக்குப் போட்டாக வேண்டும். நம் வாசலிலிருந்து போன கண் பார்த்ததப்பா அது!

ராக்கெட் கிளம்பிய அன்று நான் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்றிருந்தேன். இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 'எதுக்கு விடுறாங்க சாமி?' என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடி தண்ணீரில் குனிந்துகொண்டார். உன் கடிதத்தைப் படித்ததும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.