உருளைக்கிழங்கு உப்பைக் குடிக்குமா?

அன்புள்ள அக்கா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மனைவி செவிலியர், மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். இதுவரை சமையல் முழுக்க அம்மாதான். தங்கையின் பிரசவத்துக்காக அவர் திருச்சி போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது அடுப்படி என் கையில். போகும்போது தன் பழைய நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வார இதழ்களில் வந்த துணுக்குகளை வருஷக்கணக்காக அதில் எழுதியும் ஒட்டியும் வைத்திருக்கிறார். போதாததற்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் தினம் பத்துக் குறிப்பு வருகிறது.

போன வாரம் சாம்பாரில் தெரியாமல் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டேன். நோட்டில் பார்த்து மூன்று உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டேன். உருளைக்கிழங்கு சாம்பார் கிடைத்தது, உப்பு அப்படியே இருந்தது. இட்லி மாவு இந்தக் குளிரில் பொங்குவதே இல்லை. ‘கையால் கரைத்து வைக்கவும்’ என்கிறது நோட்டு. அதுவும் செய்து பார்த்தாயிற்று. சிங்க்கை எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்து தேய்க்கச் சொல்கிறார்கள். லூசான குக்கர் காஸ்கெட்டை ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது, எதை விடுவது?

நோட்டில் ஒரு பக்கத்தில் ‘நெய் – முருங்கை மொறுமொறு’ என்று ஒரே ஒரு வரி. அம்மாவிடம் கேட்டால் ‘வந்து சொல்றேன்’ என்கிறார். நாலு வயது மகளுக்கு நெய் சாதம் இல்லாமல் ஆகாது. அதற்காவது பதில் சொல்லுங்கள்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

மூன்று கிழங்கை வெட்டிப் போட்டுவிட்டு, உப்பு இறங்குகிறதா என்று கரண்டியால் நக்கிப் பார்த்தபடி நின்றிருப்பீர்களே, அதை நினைத்துச் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். கொதிக்கிற குழம்பிலிருந்து உப்பு மெதுவாக அந்தத் தண்ணீருக்குள்ளும் பரவும். ஆகவே கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் கணக்குப் பார்த்தால், மூன்று கிழங்கு போடுவதும் ஒரு தம்ளர் தண்ணீர் விடுவதும் ஒன்றுதான். உப்பை மட்டும் தேடிப் பிடித்துக் குடிக்கும் வித்தை எந்தக் கிழங்குக்கும் கிடையாது. உங்கள் சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கு. சாம்பாரும் இரண்டு மடங்கானால்தான் பழைய ருசி திரும்பும். அதற்கு ஒரே வழி, பாதியை எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்துவிட்டு, மீதியில் உப்பில்லாத வெந்த பருப்பும் தண்ணீரும் சேர்ப்பது. எடுத்து வைத்த பாதியை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் அதேபோல் நீட்டிக்கொள்ளலாம். இதற்காகவே நான் பருப்பைக் கடைந்ததும் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைப்பேன், உப்பு போடாமல். உப்பு சரியாக அமைந்த நாளில் அது ரசத்துக்குப் போய்விடும். பொரியலில் உப்புக் கூடினால் தேங்காய்த்துருவல் காப்பாற்றும். ரசத்தில் கூடினால் பருப்புத் தண்ணீர்.

உங்கள் அம்மாவின் நோட்டில் இருப்பதெல்லாம் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். துணுக்குக்குப் பத்திரிகையில் நாலு வரிதான் இடம். ‘எதற்கு’ என்பதை வெட்டிவிட்டு ‘எப்படி’ என்பதை மட்டும் அச்சடிப்பார்கள். அதனால் அந்தக் குறிப்பு எந்த வீட்டில் எடுபடும், எந்த வீட்டில் காலை வாரும் என்பது படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மாவு விஷயத்தில் உங்களுக்கு நடந்தது அதுதான்.

மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா உளுந்தோடேயே வருகிறது. அது விடும் கரியமில வாயுவை, அரைத்த உளுந்தின் வழவழப்பு வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவு பொங்குவது இப்படித்தான். கையால் கரைப்பதில் நன்மை உண்டு. அடியில் தங்கும் அரிசி மாவும் மேலே நிற்கும் உளுந்து மாவும் நன்றாகக் கலக்கும். ‘கைராசி’ என்று சொல்கிறார்களே, அது வேறு எதுவும் இல்லை. கரண்டியால் அதே அளவு கலக்கினாலும் பொங்கும். உங்கள் வீட்டில் குறைவது கை இல்லை, சூடு. அந்தப் பாக்டீரியாவுக்குச் சுமார் முப்பது டிகிரி வேண்டும். உங்கள் அம்மா வெட்டி ஒட்டிய குறிப்பை எழுதியவர் மதுரையிலோ சென்னையிலோ இருந்திருப்பார். அங்கே ராத்திரி சமையலறையே முப்பது டிகிரியில் இருக்கும். ஓசூர் மேட்டு நிலம், பனிக்காலத்தில் விடியற்காலை குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. மாவு மட்டும் எப்படிப் பொங்கும்?

இப்படிச் செய்து பாருங்கள். அரைத்து முடித்ததும் மாவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கோடையில் மிக்ஸி சூட்டுக்குப் பயந்து ஐஸ் தண்ணீர் விடுவோம், உங்களுக்கு அது வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரையே விடுங்கள். பெரிய ஹாட் பேக்கோ தெர்மகோல் பெட்டியோ இருந்தால் அதற்குள் மாவுப் பாத்திரத்தையும், பக்கத்தில் ஒரு சொம்பு சுடுதண்ணீரையும் வைத்து மூடுங்கள். படுக்கப் போகும்போது அந்தத் தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் போதும். பழைய மாவு ஒரு கரண்டி மிச்சம் இருந்தால் புதிய மாவில் கலந்துவிடுங்கள், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. உப்பு அளவாக இருந்தால் புளிப்பை நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும். அதனால் மே மாதம் ராத்திரியே உப்பு போட்டுவிடலாம், மாவு சுள்ளென்று புளிக்காமல் இருக்கும். பனிக்காலத்தில் காலையில், அன்றைக்கு வார்க்கும் மாவை மட்டும் தனியே எடுத்து உப்பு சேருங்கள். மொத்த மாவையும் போட்டுக் கலக்கினால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த காற்று போய்விடும்.

இத்தனையும் செய்தும் காலை ஆறு மணிக்குப் பொங்கவில்லையா? விடுங்கள், பத்து மணிக்குப் பொங்கும். ஆறு மணி என்று மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு உப்புமா கிண்டிவிட்டு, ராத்திரிக்கு இட்லி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீக்கிரமே கேட்பீர்கள். கோவையில் நாங்கள் வீடு மாறியபோது நடந்தது இது. பழைய வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வரும். புது வீடு ஊருக்கு வெளியே, போர் தண்ணீர் மட்டும்தான். போன முதல் நாளிலிருந்து துவரம்பருப்பு வேகவில்லை. ஐந்து விசில், எட்டு விசில், ஊறவைத்து எட்டு விசில். குக்கரைத் திறந்தால் பருப்பு ஒவ்வொன்றும் முத்துமுத்தாக அப்படியே உட்கார்ந்திருக்கும். மளிகைக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பழைய பருப்பைத் தள்ளிவிடுகிறீர்கள் என்றேன். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் வேறு மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தார். அதுவும் வேகவில்லை. கடையை மாற்றினேன். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா, நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “பருப்ப ஏனுங் கண்ணு திட்டறீங்க? தண்ணியப் பாருங்க” என்றார். அவர் வீட்டிலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுத்தார். அதே பருப்பு, அதே குக்கர், நாலே விசில். மத்தை எடுக்கவே தேவையில்லாமல் கரண்டி பட்டதும் குழைந்தது.

கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. அதனால்தான் கேன் தண்ணீரில் வேகிறது, போர் தண்ணீரில் வேகமாட்டேன் என்கிறது. ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டாலும் வெந்துவிடும். ஆனால் பருப்பில் உள்ள பி வைட்டமினில் ஒரு பகுதி போய்விடும், வாசனையும் மாறும். சாம்பாருக்கு வேண்டிய ஒரு லிட்டர் மட்டும் குடிதண்ணீரில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பருப்பு வேகும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்வார்களே, அது பருப்பை வேக வைப்பதற்கு இல்லை. நுரையை அடக்குவதற்கு. விசில் வழியே மஞ்சள் தண்ணீர் பீய்ச்சி, அடுப்பும் சுவரும் வீணாகாமல் இருக்கும். (பழைய கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “தெரியுமுங்க” என்று மட்டும் சொன்னார். தெரிந்தவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்!)

புளியும் இதே வேலையைச் செய்யும். புளிப்பு இருக்கும் தண்ணீரில் காய் சீக்கிரம் குழையாது. அதனால்தான் காய் வெந்த பிறகு புளிக்கரைசல் ஊற்றச் சொல்கிறார்கள். இது தெரிந்துவிட்டால் திருப்பியும் பயன்படுத்தலாம். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் குழம்பில் கரையாமல் முழுசாக நிற்க வேண்டுமா, எண்ணெயில் வதக்கியதும் புளித்தண்ணீரை ஊற்றி அதிலேயே கொதிக்க விடுங்கள். வெண்டைக்காயின் கொழகொழப்பும் அதில் அடங்கும். சேப்பங்கிழங்கையும் கருணைக்கிழங்கையும் புளித்தண்ணீரில் போடுவது வேறு காரணத்துக்கு, அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்கள் இருக்கின்றன, நாக்கு அரிப்பது அதனால். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீர்கள்.

சிங்க்குக்கு வருவோம். எலுமிச்சையையும் சோடா உப்பையும் கலந்தால் புஸ்ஸென்று நுரைத்துக் கிளம்பும், வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். அந்த நுரை அடங்கும்போது எலுமிச்சையின் புளிப்பும் போயிருக்கும், சோடாவின் காரமும் போயிருக்கும். கிட்டத்தட்ட உப்புத் தண்ணீரால்தான் தேய்க்கிறீர்கள். தனித்தனியாகப் போட்டால் இரண்டும் கெட்டிக்காரர்கள். குழாயில் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு எலுமிச்சை, எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடிப்பிடித்த பாத்திரத்துக்கும் சோடா. அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஒரு ஸ்பூன் சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்து, அப்படியே ஆறவிடுங்கள். காலையில் பெயர்ந்து வரும்.

இன்னொரு கலவை இருக்கிறது, அதை விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடோடு சேர்க்காதீர்கள். வினிகரோடும் வேண்டாம். குளோரின் வாயு வரும். ‘இரண்டும் சுத்தம் செய்வதுதானே, சேர்த்தால் இன்னும் சுத்தமாகும்’ என்று நினைத்து எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் பூட்டிய குளியலறையில் அப்படிச் செய்துவிட்டு, மூச்சுத் திணறி வெளியே ஓடி வந்தார். கதவை அவரே திறக்க முடிந்தது அவர் நல்ல காலம்.

காஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு இறுகும். சூடு ஏறியதும் பழைய கதைதான். உள்ளே 120 டிகிரி வரை போகிற பாத்திரம் அது, ஒரு ரப்பர் வளையத்தின் விலையில் பேரம் பேச வேண்டாம். புதிது வாங்குங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவையும் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விசில் வைக்கும் துளை வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பார்ப்பது. பருப்பு என்றால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே போகிறேன். வாட்ஸப்பில் வந்ததில் நான் சோதித்துப் பார்த்து வியந்த ஒன்றும் உண்டு. சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று பார்க்க, ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையாகத் துடைத்துவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருக்கச் சொல்வார்கள். மேல்பகுதி சீக்கிரம் உலர்ந்துவிடும், கீழே ஒரு இடத்தோடு ஈரம் கோடு கட்டினாற்போல் நிற்கும். கேஸ் திரவமாக இருக்கும் மட்டம் அதுதான். திரவம் இருக்கும் பகுதி சீக்கிரம் சூடாகாது, அதனால் ஈரம் மெதுவாகக் காய்கிறது. இது நிஜமாகவே வேலை செய்கிறது. தீரப்போகும் சிலிண்டரைப் படுக்க வைப்பது, அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றுவது என்று அடுத்த வீடியோவில் வரும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, நெய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முருங்கைக்கீரை வாசனைக்குத்தான் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வாசனையும் உண்டு. ஆனால் உங்கள் அம்மா எழுதி வைத்திருப்பது கீரையை இல்லை, ‘மொறுமொறு’வை. கடையில் வாங்கும் வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு வரை தண்ணீர் இருக்கும், வீட்டில் கடைந்து எடுத்ததில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அடுப்பில் வைத்ததும் சடசடவென்று சத்தம் போடுவது அந்தத் தண்ணீர். அது இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டி ஏறாது, கீரையைப் போட்டால் வதங்கிக் கிடக்கும். தண்ணீர் தீரத் தீரச் சத்தம் குறையும், பெரிய குமிழிகள் போய்ப் பொடிநுரை வரும். அதன்பிறகு சூடு விறுவிறுவென்று ஏறும். கீரை மொறுமொறுப்பது அப்போதுதான். ஒரு இலையைக் கரண்டியில் எடுத்து ஆறவைத்து நசுக்கினால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். நொறுங்கினால் தண்ணீர் போய்விட்டது, நெய் கெடாமல் நிற்கும். இன்னும் அரை நிமிஷம் விட்டால் கசண்டு கறுத்துக் கசந்துவிடும்.

ஆகவே, சத்தம் அடங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், போனைப் பார்க்காதீர்கள். அடங்கியதும் ஒரு கைப்பிடி கீரையை ஈரமில்லாமல் துடைத்துப் போடுங்கள். ஈரம் இருந்தால் மேலே தெறிக்கும், குழந்தையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இலை நொறுங்கும் பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதியைப் பாத்திரத்துச் சூடு பார்த்துக்கொள்ளும். நெய்யை வடிகட்டிய பிறகு அடியில் பொன்னிறக் கசண்டும் மொறுமொறு இலையும் நிற்கும். அதைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். சூடான சோறு இரண்டு கரண்டி போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, பாத்திரத்தை வழித்துப் பிரட்டி, முதல் உருண்டையை மகளுக்குக் கொடுங்கள். உப்பை ஒரே தடவை போடுங்கள்.

அன்புடன்,
அக்கா