மெனு மறைந்துபோனதைச் சரிசெய்யத் தனிக் காசா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே முறுக்கும் நேந்திரங்காய் சிப்ஸும் போட்டு விற்கிறோம். நானும் என் வீட்டுக்காரரும்தான் எல்லா வேலையும். கோயம்புத்தூரில் ஒருவரிடம் 18,000 ரூபாய் கொடுத்து, தமிழிலும் மலையாளத்திலும் வெப்சைட் செய்து வாங்கினோம். மெனு மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குவது பார்க்க அழகுதான். ஆனால் டேப்லெட்டில் மெனுவைத் திறந்து மூடிவிட்டுக் குறுக்கே திருப்பினால் மெனுவே காணோம். மலையாளப் பக்கத்தில் மெனுவின் கடைசி வரி பாதி வெட்டுப்படுகிறது. கேட்டால், "என் லேப்டாப்பில் சரியாக வருகிறது, உங்கள் பிரௌசர் கோளாறு. 4,000 கொடுத்தால் பார்த்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பிரௌசர் மேல் ஒரு தப்பும் இல்லை. மெனுவை அசைய வைத்த நிரல் விட்டுச்சென்ற மிச்சம்தான் உங்களைப் படுத்துகிறது.

அவர் முன்னாலேயே காட்டிவிடலாம். அவருடைய லேப்டாப்பில் தளத்தைத் திறந்து, பிரௌசர் ஜன்னலை போன் அகலத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள். மெனுவை ஒருமுறை திறந்து மூடட்டும். அப்புறம் ஜன்னலை அகலமாக இழுக்கட்டும், டேப்லெட்டைக் குறுக்கே திருப்புவதும் இதுவும் ஒன்றுதான். மெனு இருக்க வேண்டிய பட்டை வெறுமையாகக் கிடக்கும். ரெஃப்ரெஷ் செய்தால் திரும்ப வந்துவிடும். "எனக்குச் சரியாக வருகிறதே" என்று அவர் சொல்வதும் பொய்யில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்துதான் பார்த்திருப்பார்.

நடப்பது இதுதான். இப்படி வழுக்கும் மெனுவைப் பலர் ஜேகுவெரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் செய்வார்கள். மூடி முடித்ததும் அது மெனுவின் மேலேயே 'டிஸ்ப்ளே நன்', அதாவது 'காட்டாதே', என்று இன்லைன் ஸ்டைலாக, அதாவது அந்த மெனுவுக்கு மட்டுமான நேரடிக் கட்டளையாக, எழுதி வைத்துவிடும். அகலத் திரையில் மெனுவைக் காட்டு என்று ஸ்டைல்ஷீட்டில் (தளத்தின் தோற்ற விதிகள் எழுதிய கோப்பு) விதி இருந்தாலும், இன்லைனில் எழுதியதுதான் ஜெயிக்கும். மெனு மறைந்திருக்கும்போது அந்த வெறும் பட்டையின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்து, மெனுவுக்கான இடத்தைத் தேடிப் பார்த்தால் அந்த வரி கண்ணுக்கே தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. மூடி முடித்த கையோடு அந்த இன்லைன் ஸ்டைலை அழிக்க ஒரு வரி போதும். சின்னத் திரையில் மெனு மறைந்திருக்க வேண்டும் என்பதை ஸ்டைல்ஷீட் பார்த்துக்கொள்ளும். இன்னும் சுத்தமான வழி, நிரல் மெனுவில் ஒரு கிளாஸை (ஒரு அடையாளப் பெயரை) மட்டும் சேர்த்து நீக்கட்டும், காட்டுவதும் மறைப்பதும் அசைப்பதும் ஸ்டைல்ஷீட் வேலையாக இருக்கட்டும். கண்ட இடத்தில் 'இம்பார்ட்டன்ட்', அதாவது 'இந்த விதியே மேல்' என்ற குறி, போட்டு மூடி மறைக்க விடாதீர்கள், நாளைக்கு வேறொரு இடத்தில் இடிக்கும்.

மலையாள வரி வெட்டுப்படுவது வேறு கதை. தமிழில் 'தொடர்புக்கு' ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. மலையாளத்தில் 'ஞங்ஙளெ பந்தப்பெடுக' சின்னத் திரையில் இரண்டு வரியாக மடங்கும். தமிழ் மெனுவை மட்டும் அளந்து உயரத்தை இத்தனை பிக்சல் என்று கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறைக்கச் சொல்லியிருப்பார். இரண்டு மொழி கேட்டவருக்கு இரண்டிலும் திறந்து பார்த்துக் கொடுப்பது அவர் கடமை. இதற்கும் காசு கேட்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் நிற்க இடமிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்குப் புகார் தரலாம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தத்தான் வாங்கினோம் என்பதே உங்கள் பதில், நீங்கள் இருவருமே வேலை பார்ப்பது இங்கே முக்கியம். இந்தச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் 4,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போகும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். டேப்லெட்டில் மெனு மறைவதை வீடியோ எடுத்து அனுப்பி, பதினைந்து நாள் தவணை கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாக்கிப் பணம் ஏதும் இருந்தால், உங்கள் டேப்லெட்டிலேயே மலையாளப் பக்கத்தைத் திறந்து, மூடி, குறுக்கே திருப்பிப் பார்த்த பிறகு கொடுங்கள்.