கேனிங் வழியும் அதன் கிணறுகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

பெர்த் நகரில் வசிக்கிறேன். வரும் ஜூலை மாதம் நண்பர்களுடன் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் விலூனாவிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை, பழைய மாட்டு மந்தைப் பாதையான கேனிங் ஸ்டாக் ரூட் வழியாகச் செல்லவிருக்கிறேன். மனிதர் கால்படாத நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவ்வழியே சென்றவர் என்ற முறையில் தாங்கள் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வண்டி. ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளும் இவ்வழியில் எரிபொருளுக்கு நடுவே நம்பக்கூடியது குனவரிட்ஜி குடியிருப்பு ஒன்றுதான். மணல்மேட்டின் உச்சியில் எதிரே வருபவர் கண்ணில் படும்படி வண்டியில் உயரமான கொடி கட்டுங்கள். ஸாட்டிலைட் போன் இல்லாமல் கிளம்பாதீர்கள். இவை எல்லோரும் சொல்வது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஸ்பினிஃபெக்ஸ் புல்லைப் பற்றி. பிசின் நிறைந்த அந்தக் காய்ந்த புல் வண்டியின் அடியில் சேர்ந்து, சைலன்சரின் சூட்டில் பற்றிக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி, மணலில் மல்லாந்து படுத்து, குழாயைச் சுற்றி அடைந்திருப்பதைக் கம்பியால் இழுத்துப்போடத்தான் வேண்டும்.

ஆனால் 'மனிதர் கால்படாத நிலம்' என்ற எண்ணத்தோடு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். உண்ணி தொற்றிய, வடக்கே கிழக்கு கிம்பர்லிப் பகுதியின் மாடுகளைக் கப்பலில் ஏற்றத் தடை இருந்ததால், பாலைவனம் வழியே ஓட்டிச்சென்றால் வறட்சியில் உண்ணி செத்துவிடும் என்று கணக்கிட்டு, 1906ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் கேனிங் என்ற நில அளவையாளரை அனுப்பினார்கள். நீர் எங்கே இருக்கிறது என்பது மார்ட்டு போன்ற அந்நிலத்து மக்களுக்குத்தான் தெரியும். அவர்களைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலி பூட்டி, ஊற்றுகளுக்கு வழிகாட்ட வைத்தார் கேனிங். குழுவின் சமையல்காரர் புகார் செய்ததால் 1908இல் விசாரணை ஆணையம் அமைந்தது. சங்கிலி பூட்டியதை மறுக்காத கேனிங்கை அது குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்தத் தீர்ப்பை இன்று படித்தாலும் மனம் பதைக்கிறது.

அடுத்த 2 ஆண்டுகளில் கிணறுகள் வெட்டப்பட்டன. மணலைக் கையால் விலக்கி நீர் அருந்திய ஊற்றுகள் பல, ஆழமாகத் தோண்டப்பட்டு, மரச்சட்டம் இறக்கப்பட்டு, ஒட்டகமோ பலர் சேர்ந்தோ இழுத்தால்தான் மேலேறும் கனத்த வாளியோடு மாடுகளுக்கென்று ஆகிவிட்டன. சொந்த நீரை எட்ட முடியாத மக்கள் அக்கிணறுகளைச் சிதைத்ததில் எனக்கு வியப்பில்லை. இத்தனைக்கும் பிறகு 1931 வரை அவ்வழியே வந்தவை எட்டே மந்தைகள்.

2002இல் நீதிமன்றம் மார்ட்டு மக்களின் பாரம்பரிய நில உரிமையை ஏற்றது. ஆகவே பயணத் தேதியை முடிவுசெய்யும் முன்பே நில உரிமையாளர்களின் அமைப்புகளுக்கு எழுதி அனுமதி பெறுங்கள். டர்பா ஊற்றருகே பாறை ஓவியங்கள் உண்டு. அவற்றைத் தொடாதீர்கள், நீர்நிலையில் சோப்பு போடாதீர்கள். ஏதேனும் ஒரு பகுதிக்கு அனுமதி மறுக்கப்பட்டால், காரணம் கேட்டு வாதாடாமல் அப்பகுதியை விட்டுவிட்டுச் சுற்றிச் செல்லுங்கள்.

அன்புடன்.