முதல் கண்காட்சிக்கு யாரை அழைப்பது?

கேள்வி: ஆச்சி, கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டின் பட்டாலைக் கூடத்தைச் சுத்தம் செய்து ஓவியக்கூடம் ஆக்கியிருக்கிறேன், பங்காளிகள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். படம் மாட்ட எழுபது அடிச் சுவர் இருக்கிறது. தை மாதம் முதல் கண்காட்சி, ஒரே ஓவியரின் தனிக்கண்காட்சியாக இருக்கவேண்டும் என்று ஆசை. மூன்று பேர் மனதில் இருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் பெயர் வாங்கியவர், இன்ஸ்டாகிராமில் பெரிய கூட்டமே அவர் பின்னால் இருக்கிறது. இன்னொருவர் எங்கள் பங்காளி மகன், செட்டிநாட்டு வீடுகளையும் கதவுகளையும் வாட்டர்கலரில் வரைகிறான். மூன்றாமவர் புதுக்கோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். கரித்துண்டில் மாட்டுச் சந்தையை மட்டுமே பல வருடமாக வரைகிறார், எங்கும் காட்சிக்கு வைத்ததில்லை. மூவரும் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார்கள், எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தம்பி, வாட்ஸ்அப்பில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆறடிப் படமும் அரையடிப் படமும் போனில் ஒரே அளவு, சாயம் எப்படிப் படிந்திருக்கிறது என்பதும் தெரியாது. முதலில் மூவரும் வரைகிற இடத்துக்கே போங்கள். போனால் அவர்கள் எடுத்து வைத்திருக்கிற பத்துப் படத்தைப் பார்த்து, காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. பரணில் கிடப்பது, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பது, பாதியில் விட்டது எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஒருவர் எதை யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது முடித்த படத்தைவிட முடிக்காத படத்தில்தான் அதிகம் தெரியும்.

நாலைந்து பேர் சேர்ந்து வைக்கிற கண்காட்சி என்றால் ஆளுக்கு இரண்டு நல்ல படம் போதும். தனிக்கண்காட்சியில் அப்படித் தப்பிக்க முடியாது. எழுபது அடிச் சுவரில் இரண்டரை அடி அகலப் படங்களை ஒன்றரை அடி இடைவெளி விட்டு மாட்டினால் பதினேழு படம் வரும். அந்தப் பதினேழைப் பொறுக்க அவரிடம் குறைந்தது நாற்பது படமாவது இருக்க வேண்டும், பதினைந்தாவது படத்தின் முன்னால் நிற்கிறவருக்கும் அடுத்ததைப் பார்க்கத் தோன்ற வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைச் செய்யக்கூடிய ஆளை.

சென்னைக்காரரிடம் நேரடியாக இரண்டு கேள்வி கேளுங்கள். தருகிற படங்கள் புதியவையா, போன கண்காட்சியில் விற்காமல் மிஞ்சியவையா? வேறு எந்தக் கேலரியோடாவது ஒப்பந்தம் இருக்கிறதா? மிஞ்சிய படம் என்றால் மோசமான படம் என்று அர்த்தமில்லை, ஆனால் உங்கள் முதல் கண்காட்சிக்கு அது வேண்டாம். இன்ஸ்டாகிராம் கூட்டத்தை நம்பி நாற்காலி வாடகைக்கு எடுக்காதீர்கள், லைக் போடுகிறவர்கள் ரயில் ஏறிக் கானாடுகாத்தான் வரமாட்டார்கள். தை மாசியில் உங்கள் வாசலுக்கு வரப்போவது கல்யாணத்துக்கு ஊர் வந்த உறவுகளும், பெரிய வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர், வெளிநாட்டு ஆட்களும்தான்.

அந்த வெளியூர்க்காரர்களை மனதில் வைத்துத்தான் பங்காளி மகன் படங்கள் இங்கே சரிவராது என்கிறேன். பையனின் கை எவ்வளவு நல்ல கையாகவும் இருக்கட்டும். பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் செதுக்கிய நிலைக்கதவையும் தாண்டி உள்ளே வருகிறவருக்கு அதே கதவைச் சட்டம் போட்டுக் காட்டினால், சத்திரத்துச் சாப்பாட்டை முடித்தவனுக்கு மெனு கார்டு நீட்டுகிற மாதிரி இருக்கும். அசல் பக்கத்திலேயே நிற்கும்போது படம் தோற்றுப்போகும். அதே படங்களைச் சென்னையிலோ கோவையிலோ வைத்தால் நின்று பேசும்.

உங்கள் வீடே நிறமும் பளபளப்புமாக இருப்பதால் அதோடு போட்டி போடாத படம்தான் அங்கே பிழைக்கும். கறுப்பு வெள்ளை பிழைக்கும். அதனால் என் மனம் அந்த வாத்தியார் பக்கம் சாய்கிறது, ஆனால் ‘பாவம், வயதானவர், யாருமே கண்டுகொள்ளவில்லை’ என்ற இரக்கத்தில் நீங்கள் அவரை எடுக்கக் கூடாது. ஒரே விஷயத்தைப் பல வருடம் வரைந்தவரிடம் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: கை பழகிப்போய் ஒரே படத்தையே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார், இல்லை என்றால் மாட்டுக்குள்ளே புகுந்து வேறு எங்கோ போயிருப்பார். பழைய படம் ஐந்து, புதுப் படம் ஐந்து, தேதி வாரியாகத் தரையில் பரப்பிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று பங்காளிகள் கேட்டால் ஓவியர் கே.எம்.ஆதிமூலத்தைச் சொல்லுங்கள். நம் திருச்சிப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர், 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வரைந்த காந்திக் கோட்டோவியங்களால்தான் அவரை ஊருக்குத் தெரிந்தது. வண்ணத்தில் பெரிய பெரிய படங்கள் எல்லாம் அப்புறம் வந்தவை.

கரித்துண்டு என்றால் கொஞ்சம் வேலை கூடும். தொட்டால் உதிரும், அதனால் கரியைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சேட்டிவ் அடித்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி சுற்றிலும் அட்டை மவுண்ட் வைத்துச் சட்டம் போட வேண்டும். வளவு முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து, பார்க்கிறவர் முகம்தான் தெரியும் என்பதால் மாட்டுவதற்கு முன் காலையும் மாலையும் ஒரு படத்தை வைத்துப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கவே அடிக்காதீர்கள், பெயர்ந்தால் அதே பூச்சைப் பூச இன்று கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. மேலே மர உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், படத்தின் நடுப்பாகம் தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

சட்டச் செலவு யாருடையது என்பதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். கேலரிகள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பது வழக்கம். நீங்கள் புதிது, வாத்தியாரும் புதிது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்காதீர்கள், சட்டம் போடுவதையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல், பணம் கொடுக்கும் நாள், விற்காத படம் திரும்பிப் போகும் நாள், போகிற வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படம் விற்றாலும் பதிப்புரிமை அவரிடமே இருக்கும், ஆகவே மாட்டுப் படத்தை அழைப்பிதழிலோ போஸ்ட்கார்டிலோ அச்சடிக்க அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம் பங்காளி வீடு. அழைப்பிதழ் பார்த்துத் தெரிந்துகொண்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தேர்வு முடிந்த அன்றே நீங்கள் நேரில் போய், அவன் அப்பச்சியிடம் இல்லை, அந்தப் பையனிடமே, ஏன் இந்த முறை இல்லை என்பதைச் சொல்லுங்கள். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று மட்டும் சும்மா சொல்லிவிட்டு வராதீர்கள். கதவு இல்லாமல் வேறு எதையாவது வரைந்து வைத்திருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள்.