மத நிந்தனைப் புகாரில் தம்பியைக் காவல் நிலையத்துக்கு அழைக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில், பக்கத்துக் கோயில் திருவிழாவைப் பற்றி நடந்த வாக்குவாதத்தில், விக்கிரக வழிபாட்டைக் கடுமையாகப் பழித்து ஒரு பதிவு போட்டுவிட்டான். மறுநாளே அழித்துவிட்டான். அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுத்திருக்கிறார்கள். நிலையத்துக்கு வரச் சொல்லிப் போனில் கூப்பிடுகிறார்கள். தன் விசுவாசத்தைச் சொல்வது அவன் உரிமை இல்லையா? தவறு இருந்தால் அவன் கர்த்தருக்குத்தானே கணக்கு ஒப்புவிக்க வேண்டும்?
(வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தியச் சட்டத்தில் கடவுளை நிந்தித்தல் என்று ஒரு குற்றம் கிடையாது. கடவுளுக்கும் உங்கள் தம்பிக்கும் இடையே உள்ள கணக்கில் காவல் துறையோ நீதிமன்றமோ தலையிடுவதில்லை. அவர்கள் கேட்பது, பக்கத்துத் தெருவில் குடியிருப்பவரின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே அவன் அதை எழுதினானா என்பதை மட்டும்தான்.

இந்தச் சட்டம் பிறந்த கதையே இதைச் சொல்லும். 1924-இல் லாகூரில் நபிகளை இழிவுபடுத்தி ஒரு சிறு நூல் வெளியானது. அதன் பதிப்பாளரைத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் பொருத்தமான பிரிவு இல்லை என்று சொல்லி லாகூர் உயர்நீதிமன்றம் 1927-இல் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு எழவே, அதே ஆண்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனாலும் 1929-இல் அந்தப் பதிப்பாளர் கொலை செய்யப்பட்டார். அந்தப் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. மின்னணு வழியில் எழுதியதும் இதில் அடங்கும். உச்சபட்ச தண்டனை மூன்றாண்டுச் சிறை.

பிரிவின் உயிர், 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' என்ற சொற்களில் இருக்கிறது. இந்தப் பிரிவு செல்லும் என்று 1957-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றமே, அறியாமலோ கவனக்குறைவாகவோ தீய நோக்கமின்றியோ நேர்ந்த அவமதிப்பு இதற்குள் வராது என்று தெளிவாக்கியது. நம் திருச்சியில் பெரியார் 1953-இல் மண்ணால் செய்த பிள்ளையார் சிலையை உடைத்த வழக்கு, வழிபாட்டுப் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய பழைய 295-ஆவது பிரிவின் கீழ் உச்சநீதிமன்றம் வரை போய் 1958-இல் முடிந்தது. ஒரு பொருள் நமக்கு அற்பமாகத் தோன்றினாலும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டத்துக்கு அதுவே போதும் என்று கூறிய நீதிமன்றம், ஐந்தாண்டுகள் கடந்துவிட்டதால் மேல்விசாரணைக்கு உத்தரவிடவில்லை. ஆகவே 'அது வெறும் கல்தானே' என்று நிலையத்தில் உங்கள் தம்பி வாதாட வேண்டாம். அந்த வாதம் அவனுக்கு உதவாது, கெடுதலே செய்யும்.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் உரிமை உண்மையானது. தன் விசுவாசத்தை அவன் தாராளமாக அறிவிக்கலாம். ஆனால் அந்த உரிமை பொது ஒழுங்குக்கு உட்பட்டது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தை மறக்காத உங்கள் மாவட்டத்தில், இப்படிப்பட்ட புகாரைக் காவல் துறை இலேசாக எடுத்துக்கொள்ளாது என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை. பதிவை அழித்தது போகட்டும். போனை மட்டும் ஃபார்மட் செய்யாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு வழக்கில், புகாருடன் இருந்த ஸ்கிரீன்ஷாட்டில் நான்கு வரிகள்தான் இருந்தன. மேலும் கீழும் கத்தரித்திருந்தார்கள். குழுவிலிருந்த நண்பர் ஒருவரின் போனில் முழு உரையாடலும் கிடைத்தது. இரவு 11.40-க்கு எதிர்த்தரப்பில் ஒருவர் அந்தப் பையனின் தாயைப் பழித்திருந்தார், 11.43-க்கு அவன் பதில் எழுதியிருந்தான். அந்த மூன்று நிமிட இடைவெளிதான், அது திட்டமிட்ட வன்மம் அல்ல, ஆத்திரம் என்று காட்டியது. உங்கள் தம்பியின் குழுவிலும் முன்பின் உரையாடலை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். தேதி, நேரத்தோடு பாதுகாக்கச் சொல்லுங்கள்.

போனில் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள், தலைமறைவாகவும் விடாதீர்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் உடனடிக் கைது வழக்கமாகிவிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்டிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்துப்பூர்வமான அழைப்பாணை தரும்படி வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பாணை போதாது. அதன்படி அவன் ஆஜராகி ஒத்துழைத்தால், காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. நாளிதழ்கள் எழுதும் 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு' என்ற தொடரைப் படித்துவிட்டுப் பல குடும்பங்கள் நடுங்கிப்போகின்றன. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம்தான் தர வேண்டும் என்பதே அதன் பொருள். கைது நடக்கும் என்ற அச்சம் இருந்தால், அமர்வு நீதிமன்றத்திலோ உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்கலாம். மேலும், அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்தப் பிரிவில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது. அந்த அனுமதி இருக்கிறதா என்று வழக்கறிஞர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நிலையத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள். வழக்கறிஞர் படித்துப் பார்க்காத எதிலும் அவன் கையெழுத்திட வேண்டாம். போலீஸாரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் பெறக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் அந்தத் தெருக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்பது வேறு. கோயில் நிர்வாகிகளையும் உங்கள் சபை மூப்பர்களையும் உட்கார வைத்து, 'நான் எழுதியது தவறு' என்று அவன் மனதாரச் சொல்வதில் அவன் விசுவாசத்துக்கு எந்தக் குறைவும் வராது. வழக்கறிஞரிடம் கலந்து பேசிவிட்டு, புகார்தாரரையும் அந்தப் பேச்சுக்கு அழையுங்கள். அவர் சமாதானமாகி எழுதிக் கொடுத்தால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர்நீதிமன்றத்தை அணுகும்போது அந்தக் கடிதத்தை மனுவுடன் இணைக்கலாம்.